14 மாதத் தையல், மாடித் தொட்டித் தண்ணீர், சிவப்பு நூல்: துவைக்கலாமா, கூடாதா?

விஜயநகர்வாசி | வெள்ளி, இரவு 9.40

அப்பாவுக்கு அடுத்த மாதம் அறுபது நிறைகிறது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். அதற்காக 14 மாதங்களாகத் தைத்து வந்த கிராஸ் ஸ்டிச் (பெருக்கல் குறித் தையல்) படம் நேற்று இரவு முடிந்தது. 14 கவுன்ட் வெள்ளை ஐடா துணி, அதாவது அங்குலத்துக்கு 14 கட்டம் வரும்படி நெய்த பருத்தித் துணி. குறுக்கே 180 கட்டம், நெடுக்கே 240 கட்டம். நடுவில் ஒரு கோபுரம், முன்னால் குளம், சுற்றிலும் காவியும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த கோயில் மதில். கலசங்களுக்கு மட்டும் ஜரிகை நூல் போட்டிருக்கிறேன்.

தைக்கும்போது துணியை இழுத்துப் பிடிக்கும் வளையத்தைக் கழற்றினால், அது இருந்த இடத்தில் வட்டமாக ஓர் அழுக்குக் கோடு. கை பட்டுக்கொண்டே இருந்த ஓரம் மங்கலாக இருக்கிறது. பத்துக் கட்டத்துக்கு ஒன்றாகத் தண்ணீரில் போகும் நீலப் பேனாவால் போட்ட கோடுகளும் அப்படியே தெரிகின்றன. ஃபிரேம் கடைக்காரர், "தண்ணீரே காட்டாதீர்கள், சாயம் இறங்கிவிடும். இஸ்திரி போட்டுக் கொடுங்கள், போதும்" என்கிறார். பெங்களூரில் எங்கள் அடுக்ககத்தில் வருவது ஆழ்துளைக் கிணற்று நீரும் லாரித் தண்ணீரும் கலந்தது. வாளியில் வெள்ளையாகப் படிகிற தண்ணீர். தெருமுனை இஸ்திரி வண்டியில் கரிப்பெட்டிதான். வீட்டில் மின்சாரப் பெட்டி இருக்கிறது.

துவைக்கலாமா? துவைத்தால் எதில், எப்படி? அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஃபிரேமுக்குக் கொடுத்தாக வேண்டும்.

அல்சூர் அம்மா | வெள்ளி, இரவு 10.05

முதலில் அந்த இஸ்திரிப் பெட்டியை எடுத்து உள்ளே வை அம்மா. நீலப் பேனாக் கோட்டின் மேல் சூடு பட்டால் அது துணியோடு ஒட்டிக்கொள்ளும். சில பேனாக்கள் பழுப்பாக மாறிவிடும், பிறகு எதற்கும் அசையாது. கடைக்காரர் சொன்னபடி நேராக இஸ்திரி போட்டிருந்தால் உன் படம் முழுக்கக் கட்டம் கட்டமாக நின்றிருக்கும்.

துவைக்கத்தான் வேண்டும். 1983இல் நான் தைத்த ரோஜாக் கொத்தைத் துவைக்காமல் கண்ணாடி போட்டேன். அன்றைக்குச் சுத்தமாகத்தான் இருந்தது. ஏழெட்டு வருடம் கழித்து, வளையம் இருந்த இடத்தில் பழுப்பு வட்டம் எழும்பியது. கையில் இருக்கும் எண்ணெய்ப் பசை அன்று கண்ணுக்குத் தெரியாது. காற்றுப் பட்டுப் பட்டு, நாளாக நாளாக மஞ்சளாகும். எத்தனை முறை கை கழுவிவிட்டு உட்கார்ந்தாலும் 14 மாதம் பிடித்த துணியில் அது இல்லாமல் போகாது.

குளிர்ந்த தண்ணீரில் ஒரு பிடி கல் உப்பு போட்டு அரை மணி நேரம் ஊற வை. புதுச் சேலைக்கு அப்படித்தான் செய்வோம். சாயம் நிற்கும்.

பட்டுநூல் பிரியர் | வெள்ளி, இரவு 10.31

நான் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்கிறேன். எல்லாவற்றையும் துவைக்கலாம் என்று பொதுவாகச் சொல்லிவிடுவது ஆபத்து. நான் பட்டு நூலிலும், கையால் சாயம் தோய்த்த பல நிற நூலிலும் தைக்கிறவன். அந்த நூல்களை விற்பவர்களே துவைக்க வேண்டாம் என்று எழுதித் தருகிறார்கள். என் படங்களில் ஒன்றைக்கூட நான் நனைத்ததில்லை. கை கழுவி, வேலை முடிந்ததும் வளையத்தைக் கழற்றி, வெள்ளைத் துணியில் சுற்றி வைத்தால் அழுக்கு ஏறாது. விஜயநகர்வாசி என்ன நூல் என்று இன்னும் சொல்லவில்லை. அது தெரியாமல் யாரும் ஆலோசனை சொல்ல வேண்டாம்.

சாயப்பட்டறைக்காரன் | வெள்ளி, இரவு 11.02

பட்டுநூல் பிரியர் கேட்டதுதான் சரியான கேள்வி. திருப்பூரில் சாயப்பட்டறையில் பதினோரு வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தவன் நான். எனவே உப்பைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், அல்சூர் அம்மா தவறாக நினைக்க வேண்டாம்.

பருத்திக்குச் சாயம் ஏற்றும்போது நாங்களும் உப்பு போடுவோம், மூட்டை மூட்டையாக. தண்ணீரில் கரைந்து நிற்கும் சாயத்தை நூலின் பக்கம் தள்ளுவதுதான் அதன் வேலை. சாயத்தை நூலோடு பிணைப்பது அதற்குப் பின் சேர்க்கும் சோடா. பிணையாமல் மிஞ்சி, நூலின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும் சாயத்தைச் சோப்பு போட்டுக் கொதிக்கும் நீரில் பல முறை அலசி எடுக்க வேண்டும். அந்தக் கடைசி அலசலில் நேரத்தையும் தண்ணீரையும் மிச்சம் பிடித்த நூல்தான் பிற்பாடு உங்கள் வீட்டில் சாயம் விடுகிறது. அதன் மேல் உப்பைப் போட்டால் எதுவும் பிணையாது. வினிகரும் அப்படித்தான். கம்பளி, பட்டு ஆகியவற்றுக்கு ஏற்றும் சாயத்துக்குத்தான் அமிலம் உதவும், பருத்திக்கு அல்ல. புதுச் சேலையை உப்பு நீரில் போட்டதும் தண்ணீர் தெளிவாக இருப்பது, உப்பு சாயத்தைக் கொஞ்ச நேரம் நூலிலேயே பிடித்து வைப்பதால். அடுத்த முறை வெறுந்தண்ணீரில் போட்டால் மறுபடி இறங்கும். உங்கள் படத்தில் இறங்க வேண்டியது இறங்கி, தண்ணீரோடு வெளியே போக வேண்டும். பக்கத்து வெள்ளையில் உட்காரக்கூடாது. அவ்வளவுதான் நமக்கு வேலை.

காவிப் பட்டைக்குப் போட்ட சிவப்பு நூல் எங்கே வாங்கியது?

விஜயநகர்வாசி | சனி, காலை 7.15

இந்தக் கேள்வியைப் படித்ததும் வயிறு கலங்கிவிட்டது. மற்ற எல்லா நிறமும் சிக்பேட்டையில் வாங்கிய ஆங்கர் நூல், எண் சீட்டோடு பத்திரமாக இருக்கின்றன. கீழ் மதில் தைக்கும்போது சிவப்பு தீர்ந்துவிட்டது. வீட்டுப் பக்கத்துச் சிறு கடையில் அதே நிறமாகத் தெரிந்த நான்கு கண்டு வாங்கினேன். சீட்டும் இல்லை, எண்ணும் இல்லை. கீழ்ப்பக்கப் பட்டைகள் முழுக்க அதுதான்.

சாயப்பட்டறைக்காரன் | சனி, காலை 7.40

அப்படியானால் இன்று முழுப் படத்தையும் நனைக்காதீர்கள். அந்த நான்கு கண்டில் துண்டு மிச்சமிருக்கிறதா? விரல் நீளம் எடுத்து, வெள்ளை ஈரிழைத் துண்டின் ஓரத்தில் நான்கு தையல் போட்டு, நனைத்து, மடித்து, பத்து நிமிடம் அழுத்தி வையுங்கள். ஆங்கர் சிவப்பையும் பக்கத்திலேயே அதேபோல் தைத்து வையுங்கள். நூல் மிச்சமில்லை என்றால் படத்தின் பின்பக்கத்தில், ஒரு முடிச்சின் மேல் ஈரமான பஞ்சுக்குச்சியை அழுத்திப் பார்க்கலாம். கம்பெனி நூல் பொதுவாக நிற்கும். ஆனாலும் அடர்சிவப்பு, கருநீலம், கறுப்பு மூன்றையும் நான் யாரையும் நம்பி விடமாட்டேன்.

ஒயிட்ஃபீல்டு நீர்க்காரர் | சனி, காலை 8.22

தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லையே. இந்த ஊரில் பாதிச் சிக்கல் அங்கேதான்.

கடின நீரில் சோப்புக் கட்டியைக் கரைத்தால், நீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தும் சோப்பும் சேர்ந்து பிசுபிசுப்பான ஆடையாகத் துணியில் படியும். வெள்ளைத் துணி சாம்பல் பூப்பது அதனால்தான். எனவே சோப்புக் கட்டி வேண்டாம். கம்பளித் துணிக்கு விற்கும் மென்மையான திரவம் போதும், ஈஸி மாதிரி. சாதாரணச் சலவைத் தூள்களில் பலவற்றில் துணியைப் பளீரென்று காட்டும் ஒளிரூட்டிகள் கலந்திருக்கும். அவை ஐடாவின் இயல்பான வெண்மையையும் மென்னிறங்களையும் மாற்றிவிடும். நீலமும் அப்படித்தான், தொடவே வேண்டாம்.

இரும்புச் சத்து இன்னும் மோசம். 2024 கோடையில் எங்கள் பகுதிக்கு வந்த லாரித் தண்ணீர் வாளியில் பிடிக்கும்போது கண்ணாடி போல இருக்கும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் செம்பழுப்பு. காற்றுப் பட்டதும் இரும்பு துருவாக மாறுகிறது. அந்த நீரில் என் மனைவி ஒரு மேசை விரிப்பை இரவு முழுக்க ஊற வைத்தாள். காலையில் அதன் மேல் சிறு சிறு துருப் புள்ளிகள். வெளுப்பானை ஊற்றினோம், அது புள்ளியை இன்னும் கெட்டிப்படுத்திவிட்டது. இப்போது அதை எடுத்து விரிப்பதே இல்லை.

இரண்டு கேன் குடிநீர், அதாவது 40 லிட்டர், இந்த வேலைக்கென்று வாங்கிவிடுங்கள். 14 மாத உழைப்புக்கு முன் அது பெரிய செலவில்லை. காவிரி நீர் வரும் உறவினர் வீடு பக்கத்தில் இருந்தால் அங்கே போய் அலசலாம்.

இன்னொன்று: இது ஏப்ரல். மாடித் தொட்டியில் வெயில் காய்ந்த தண்ணீர் மதியம் குழாயைத் திறந்தால் கையைச் சுடுகிறது. குளிர்ந்த நீர் என்று நினைத்து அதில் போட்டுவிடாதீர்கள். விடியற்காலையில் பிடியுங்கள்.

விஜயநகர்வாசி | சனி, மதியம் 12.50

சோதித்துவிட்டேன். ஆங்கர் சிவப்புக்குக் கீழே துண்டு வெள்ளையாகவே இருக்கிறது. கடைச் சிவப்பு பத்து நிமிடத்தில் ரோஜா நிறமாக ஊறிவிட்டது.

இனி என்ன செய்வது? நீலக் கோடும் வளையத் தடமும் போக வேண்டுமே. அந்தப் பட்டைகளைப் பிரித்துத் தைக்க நேரமில்லை. கீழ் மதில் மட்டுமே 3,000 தையலுக்கு மேல்.

பட்டுநூல் பிரியர் | சனி, மதியம் 1.18

என் யோசனை: கீழ் மதிலை நனைக்காமல், மேல் பகுதியை மட்டும் ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். முழுக்க நனைப்பது இந்த நிலையில் சூதாட்டம்.

சாயப்பட்டறைக்காரன் | சனி, மதியம் 1.45

மன்னிக்கவும், அதை நான் ஏற்கவில்லை. துணி நீரை உறிஞ்சும். மேலே ஒற்றினால் ஈரம் மெல்ல மெல்லக் கீழே இறங்கி மதிலைத் தொடும், அந்தக் கொஞ்சம் ஈரத்தில் சாயம் இறங்கி, அங்கேயே நின்று, அங்கேயே காயும். சாயம் ஒட்டுவது பெரும்பாலும் இப்படிக் கொஞ்சம் தண்ணீரில், நின்ற ஈரத்தில், மடிப்பில்தான். நிறையத் தண்ணீரில் அது கரைந்து நீர்த்துப் போய்விடும். நனைப்பதென்றால் முழுக்க, தாராளமாக, அசையும் தண்ணீரில். இல்லையென்றால் வேண்டவே வேண்டாம்.

நாளை விடியற்காலையில் செய்யுங்கள், பகல் முழுதும் கையில் இருக்க வேண்டும். அகன்ற வெள்ளைத் தொட்டி. குளிர்ந்த வெறுந்தண்ணீர் முதலில், சோப்பு இல்லாமல். நீலக் கோடு அதிலேயே போய்விடும், அது முழுதும் போன பிறகுதான் சலவைத் திரவம். துணியை விரித்தபடியே அமிழ்த்துங்கள், மடிப்பு வேண்டாம். ஊறட்டும் என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள். உள்ளங்கையால் லேசாக அசைத்துக்கொண்டே இருங்கள். நீர் இளஞ்சிவப்பானதும் மாற்றுங்கள். கசக்காதீர்கள், பிழியாதீர்கள். எது நடந்தாலும் சுத்தமான தண்ணீர் வரும்வரை காயவிடாதீர்கள். ஈரமாக இருக்கும்வரை பிழையைத் திருத்த வழி இருக்கிறது.

மல்லேஸ்வரம் கசூதி | சனி, மாலை 4.30

ஒரு சிறு குறுக்கீடு. நான் கர்நாடகத்தில் தார்வாட் பக்கத்துக் கைத்தையலான கசூதி தைப்பவள். அதில் நான்கு வகைத் தையல் உண்டு: கவந்தி, முர்கி, நேகி, மெந்தி. மெந்தி என்றால் வெந்தயம். அது கிராஸ் ஸ்டிச்சேதான், துணியின் இழையை எண்ணித்தான் போடுவோம். எனக்குக் கற்றுக்கொடுத்த பெரியம்மா, தைக்கத் தொடங்கும் முன்பே நூலைச் சோதித்துவிடுவார். புதுக் கண்டின் நுனியை வாயில் ஈரப்படுத்தி வெள்ளை முந்தானையில் ஒற்றுவார். நிறம் பட்டால் அந்தக் கண்டை அப்போதே தனியாக அலசிக் காயவைப்பார். அடுத்த படத்துக்கு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் தங்கையே. இப்போது சாயப்பட்டறைக்காரர் சொல்வதைக் கேளுங்கள்.

விஜயநகர்வாசி | ஞாயிறு, காலை 6.55

5 மணிக்குத் தொடங்கினேன். நீலக் கோடு நான்கே நிமிடத்தில் மறைந்துவிட்டது. மூன்றாவது தண்ணீர் இளஞ்சிவப்பு. இப்போது ஆறாவது. கீழ் மதிலின் இடது மூலையில், இரண்டாவது வெள்ளைப் பட்டையில் ரோஜா படிந்திருக்கிறது. உள்ளங்கை அகலம். கை நடுங்குகிறது. யாராவது விழித்திருக்கிறீர்களா?

சாயப்பட்டறைக்காரன் | ஞாயிறு, காலை 6.58

இருக்கிறேன். தண்ணீரில் இருந்து எடுக்காதீர்கள். இப்போது சலவைத் திரவத்தைக் கொஞ்சம் தாராளமாகவே கலந்து புதுத் தண்ணீர் பிடியுங்கள். சாயத்தைத் தன்னோடு பிடித்து வைத்து, துணியில் திரும்ப உட்காராமல் பார்த்துக்கொள்வது அந்தத் திரவம்தான். படம் வெள்ளைப் பக்கம் மேலே மிதக்கட்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு தண்ணீர்.

அல்சூர் அம்மா | ஞாயிறு, காலை 7.10

நானும் இருக்கிறேன் அம்மா. மூச்சை இழுத்து விடு. என் தங்கை ஒருத்தி ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் மாற்றி மாற்றி மீட்டெடுத்தாள். நேரம் பிடிக்கும், ஆனால் போகும். தேய்த்துப் போக்கலாம் என்று மட்டும் கை வைக்காதே, நூல் பஞ்சு எழும்பிவிடும். உப்பு பற்றி நான் சொன்னதை விட்டுவிடு. தம்பி சொன்ன விளக்கம் எனக்கும் புதிது, சரியாகவும் இருக்கிறது.

விஜயநகர்வாசி | ஞாயிறு, காலை 10.40

பதினோராவது தண்ணீர். நிறம் விடுவது நின்றுவிட்டது. பட்டையில் படிந்தது பாதிக்கு மேல் போய்விட்டது. மெல்லிய சாயல் இருக்கிறது. என் கணவருக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிகிறது.

சாயப்பட்டறைக்காரன் | ஞாயிறு, காலை 10.52

தண்ணீர் தெளிவாகவே வருகிறதென்றால் கடைசியாக ஒரு முயற்சி. அதே திரவம், இம்முறை வெதுவெதுப்பான நீர், கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே, பெரிய தொட்டி நிறைய. இளஞ்சூட்டில் மிச்சச் சாயம் எளிதாகக் கழன்று வரும். சிவப்பும் மறுபடி கொஞ்சம் விடலாம், எனவே ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், கண்ணை எடுக்காதீர்கள். பிறகு கேன் தண்ணீரில் இரண்டு அலசல். அதற்குப் பின்னும் சாயல் நின்றால் நிறுத்திவிடுங்கள்.

விஜயநகர்வாசி | ஞாயிறு, மதியம் 1.25

செய்தேன். இப்போது நகம் அளவுக்கு, சுமார் 36 தையலில் மட்டும் ஒரு சாயல். வளையத் தடம் முழுக்கப் போய்விட்டது. துணி பளிச்சென்று இருக்கிறது. எப்படிக் காயவைப்பது? கொடியில் கிளிப் போடலாமா?

அல்சூர் அம்மா | ஞாயிறு, மதியம் 1.40

கொடியில் வேண்டாம். ஈரத்தின் கனத்தில் துணி கோணி நிற்கும், கிளிப் தடமும் விழும். தடித்த வெள்ளை டர்க்கி துண்டை விரித்து, படத்தை அதன்மேல் பரப்பி, துண்டோடு சேர்த்துப் பாய் போலச் சுருட்டி அழுத்து. ஈரம் பெரும்பகுதி துண்டுக்குப் போய்விடும். உடனே பிரித்துவிடு, சுருட்டியபடி ஐந்து நிமிடம்கூட விடாதே, அந்தச் சிவப்பு இன்னும் உறங்கிவிட்டதாக நான் நம்பமாட்டேன். வேறு காய்ந்த துண்டில் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே வை. வெயில் வேண்டாம், நிறம் வெளுக்கும். துணியின் மூலைகளை இழை ஓடும் திசையிலேயே மெல்ல இழுத்து நேராக்கு.

இஸ்திரியை லேசாக ஈரம் இருக்கும்போதே போட வேண்டும், காய்ந்து சுருங்கிய பிறகு மடிப்பு போகாது. ஆனால் உன் படத்துக்கு நான் சொல்வது வேறு. சாயல் இருக்கும் வரை அந்த மூலையில் சூடு காட்டாதே.

சாயப்பட்டறைக்காரன் | ஞாயிறு, மதியம் 2.05

ஆம், சூடு பட்டபின் மிச்சக் கறையை எடுப்பது மிகக் கடினம். ஆனால் அந்த 36 தையலுக்கு வேறு வழி இருக்கிறது. வெள்ளை நூலை மட்டும் பின்பக்கமாக வெட்டிப் பிரித்து, புது வெள்ளை நூலால் தைத்துவிடுங்கள். மற்ற இடத்தில் எத்தனை இழை?

விஜயநகர்வாசி | ஞாயிறு, மதியம் 2.11

இரண்டு இழை.

சாயப்பட்டறைக்காரன் | ஞாயிறு, மதியம் 2.14

அங்கே மட்டும் மூன்று இழை போடுங்கள். 14 கவுன்டில் மூன்று இழை நன்றாக நிறைந்து நிற்கும், அடித்துணியின் சாயல் மேலே தெரியாது. மேல் தையலின் சாய்வு மற்றவற்றோடு ஒரே திசையில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மல்லேஸ்வரம் கசூதி | ஞாயிறு, மாலை 5.20

ஜரிகைக் கலசங்களை மறந்துவிட வேண்டாம். ஜரிகை நூலில் இருப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் படலம். இஸ்திரிப் பெட்டியில் ஒரு புள்ளி என்றால் சுமார் 110 டிகிரி, இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200. பருத்திக்கு மூன்று என்று நினைத்துக் கலசத்தின் மேல் வைத்தால் சுருண்டு கறுத்துவிடும். கலசங்கள் இருக்கும் மேல்பகுதிக்கு ஒரு புள்ளி, நடுவில் வெள்ளைத் துணி. மீதிக்கு இரண்டு புள்ளியே தாராளம்.

அல்சூர் அம்மா | ஞாயிறு, மாலை 5.45

டர்க்கி துண்டை நான்காக மடித்துப் போட்டு, அதன்மேல் வெள்ளைத் தலையணை உறை, அதன்மேல் படத்தைக் குப்புறப் போடு. தையல்கள் துண்டின் மென்மைக்குள் புதைந்து உட்காரும், நசுங்காது. சட்டைக்குத் தேய்ப்பதுபோல் இழுக்காதே, வைத்து, எடுத்து, நகர்த்தி வை. முன்பக்கமாகத் தேய்த்தால் நூல் தட்டையாகி எண்ணெய் பூசியதுபோல் பளபளக்கும். கரிப்பெட்டிக்காரரிடம் கொடுக்காதே. அவர் வேலையில் குறையில்லை, என் கணவர் வேட்டிகளுக்கு அவர்போல் யாரும் இல்லை. ஆனால் கரியின் சூட்டைப் புள்ளி வைத்து நிறுத்த முடியாது, ஒரு பொறி விழுந்தால் போச்சு. கஞ்சியும் போடாதே, கண்ணாடிக்குள் ராமபாணப் பூச்சி வந்து குடியேறும்.

பட்டுநூல் பிரியர் | ஞாயிறு, இரவு 8.30

நான் பயந்தது நடந்தது, ஆனால் மீட்கவும் முடிந்தது. படத்தை நனைக்கச் சொன்னது சரியே என்று இப்போது ஏற்கிறேன். என் பட்டுப் படங்களை மட்டும் நான் நனைக்கமாட்டேன்.

ஃபிரேம் கடையில் இரண்டு விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பின்னால் ஒட்டுப்பலகை நேராகத் துணியில் படக்கூடாது. மரத்தின் அமிலம் பழுப்பாக ஏறும். நடுவில் அமிலமற்ற அட்டை வேண்டும். பசையால் ஒட்டவே கூடாது, அட்டைக்குப் பின்னால் நூலால் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டச் சொல்லுங்கள், அல்லது நீங்களே கட்டிக் கொடுங்கள். கண்ணாடியும் தையலும் ஒட்டாமல் சிறு இடைவெளி வேண்டும். முக்கியமாக, இஸ்திரி போட்ட அன்றே கொடுக்காதீர்கள். இரண்டு நாள் காற்றாட விடுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும்.

விஜயநகர்வாசி | செவ்வாய், இரவு 10.20

36 தையலையும் மாற்றிவிட்டேன். மூன்று இழை. எங்கே என்று எனக்கே தேட வேண்டியிருந்தது. இஸ்திரியும் முடிந்தது. குப்புறப் போட்டு எடுத்துத் திருப்பியபோது ஒவ்வொரு தையலும் தனித்தனியாக எழும்பி நின்றது. கலசம் மின்னுகிறது. வெள்ளிக்கிழமை ஃபிரேமுக்குக் கொண்டுபோகிறேன், அட்டையில் நானே நூலால் கட்டி. அம்மா, அண்ணா, அக்கா, எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

அல்சூர் அம்மா | செவ்வாய், இரவு 10.48

மிச்ச நூல்களை எண் சீட்டோடு ஒரு காகித உறையில் போட்டு, ஃபிரேமின் பின்பக்கம் ஒட்டி வை. உறையின் மேல் உன் கையெழுத்தில் எழுது: கீழ் மதிலின் சிவப்பு சாயம் விடும், குளிர்ந்த தண்ணீர் மட்டும், நிறையத் தண்ணீர். முப்பது வருடம் கழித்து உன் மகளோ மருமகளோ கண்ணாடியைத் திறக்கும்போது அவளுக்குத் தெரிய வேண்டும்.